மணல் கணக்கு யாரிடம் இருக்கிறது? கடலோரச் சின்னங்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை
தலைமை இயக்குநர் அவர்கள், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

கடல் அரிப்பில் கரைந்துகொண்டிருக்கும் நம் கடலோரச் சின்னங்களைப் பற்றி இரண்டு துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனித்தனியே எழுதினால் "அது அவர்கள் பொறுப்பில் வருகிறது" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிவிடலாம். சேர்த்து, அதுவும் ஊரறிய எழுதினால் அது கொஞ்சம் கடினம். அறநிலையத் துறை, நீர்வளத் துறை, மீன்வளத் துறை, வனத்துறை ஆகியோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. இருந்தாலும் பழம்பொருளைக் காப்பதற்கென்றே அரசு ஏற்படுத்திய துறைகள் உங்களுடையவை. எனவே முதல் கேள்வியை உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்து தொடங்குகிறேன். அங்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில். அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒன்றும் அலைவாயில் கொண்டுபோய் அடித்தளம் போடவில்லை. கோயிலுக்கு முன்னால் நிலம் இருந்தது. கடல் முதலில் அந்த நிலத்தைத் தின்றது, பிறகு கோயிலின் கிழக்குப் பகுதியையும் தின்றது. இன்று பார்ப்பது எஞ்சிய பகுதியையும், பிற்காலத்தில் புதுப்பித்ததையும், அவற்றுக்கு முன்னால் கொட்டப்பட்ட கருங்கற்களையும்.

சற்றுத் தள்ளி டேன்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனியர் செய்துகொண்ட உடன்படிக்கையால் எழுந்தது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு ரகுநாத நாயக்கர் தங்க ஏட்டில் அனுப்பிய மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் நன்றாகவே இருக்கிறது. ஏடு பிழைத்துவிட்டது, அந்த ஏட்டை நம்பிக் கட்டிய சுவர்கள் உப்புக்காற்றில் நிற்கின்றன. 1706இல் கிறிஸ்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு வந்திறங்கிய கரை, 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம், அச்சு எழுத்தில் தமிழ் நூல்கள் வெளிவந்த தெருக்கள் எல்லாம் இந்தச் சின்ன ஊருக்குள்தான். 1845இல் டேனியர் இதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களும் போய்விட்டார்கள். இப்போது பொறுப்பு நம்முடையது.

கடலோரச் சின்னங்களைப் பற்றி உங்கள் அலுவலகங்களில் எவ்வளவோ கோப்புகள் இருக்கும். கல்லின் நிலை, சுண்ணாம்புப் பூச்சின் நிலை, வேலி, நுழைவுச் சீட்டு, பெயர்ப் பலகை எல்லாவற்றுக்கும் இருக்கும். கோயிலுக்கும் கோட்டைக்கும் முன்னால் இருக்கும் மணலுக்குக் கோப்பு இருக்கிறதா? போன ஆடியில் எத்தனை மீட்டர் மணல் இருந்தது, கார்த்திகை கழிந்ததும் எத்தனை மீட்டர் மிஞ்சியது என்று எழுதி வைக்கும் ஆள் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்தவரை பொதுமக்கள் கேட்டுப் பெறக்கூடிய அப்படியொரு கணக்கு எந்தச் சின்னத்துக்கும் இல்லை. கடற்கரையில் நிற்கும் கட்டடத்தைக் கடைசிவரை காப்பது அதன் முன்னால் கிடக்கும் மணல்தான். அது போன பிறகு நீங்கள் எவ்வளவு உயர்ந்த சுண்ணாம்பைப் பூசினாலும் அது அடுத்த புயல் வரைக்கும்தான்.

மணல் எங்கே போகிறது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே போகும், வாடைக் காற்று மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே ஒரு சுவரைக் கடலுக்குள் நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை போனது. மெரினாவில் சுண்டல் தின்றபடி காற்று வாங்கும் நாம் யாருடைய கரையின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைப்பதில்லை. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன. அதன் பிறகு கடற்கரைச் சாலையின் முன்னிருந்த மணற்பரப்பு இல்லாமலே போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. ஒரு தலைமுறைப் புதுச்சேரிப் பிள்ளைகள் கடலில் கால் நனைக்காமலே வளர்ந்தார்கள். பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஒரு தடுப்பு அமைத்த பின்தான் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. கெடுத்த வழியும் தெரியும், ஓரளவு சரிசெய்யும் வழியும் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மணலுக்கு இன்னொரு வரவும் உண்டு. அது ஆறு. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான் பூம்புகாரையும் தரங்கம்பாடியையும் தாங்கிய நிலம். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது; அதற்கு மேலே கர்நாடகத்தில் வேறு அணைகள். மிச்சம் வந்த ஆற்று மணலைக் கட்டுமானத்துக்காக நாமே லாரியில் ஏற்றினோம். வங்கிக் கணக்குபோல வைத்துப் பார்த்தால், பற்று மட்டும் எழுதிக்கொண்டு வரவை அடைத்துவிட்ட கணக்கு இது. இருப்பு குறைகிறதே என்று கடலைத் திட்டுவதில் பயனில்லை.

இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை காரணம் சொல்கிறது. நமக்குத் தெரிந்த காரணங்கள் வேறு. ஆனால் "செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டதால் ஊர் போயிற்று" என்ற கணக்கில் அந்தக் கதை ஒன்றும் தவறாகப் போய்விடவில்லை.

காலநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். கரை அரிப்பு முழுவதையும் அதன் தலையில் கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளூரில் போட்ட சுவருக்கும் அள்ளிய மணலுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் "உலகம் சூடாகிறது, என்ன செய்ய?" என்று தப்பிக்க அது நல்ல சாக்கு. ஆனால் இருக்கும் புண்ணில் வேல் பாய்ச்சுவது அதுதான். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்கிறது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. 2006க்குப் பிறகு உயரும் வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஒரு சாண்தானே என்று தோன்றும். சரிவு குறைந்த நம் கரையில் ஒரு சாண் உயர்ந்த கடல் பல மீட்டர் உள்ளே வரும். முன்பு கோயில் படிவரை வந்து திரும்பிய புயலலை இப்போது உள்ளே ஏறும். வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழையும் கொட்டுகிற விதத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அந்த ஊருக்கு அது ஓர் ஆண்டின் மழையைவிட அதிகம்.

கடற்கரைகளை ஆராயும் மத்திய அரசின் தேசிய மையமே நாட்டின் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகிறது என்றும், தமிழகக் கரையில் அது 40 விழுக்காட்டுக்கும் மேல் என்றும் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொல்லியிருக்கிறது. அந்த வரைபடங்களின் மேல் உங்கள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலை வைத்துப் பார்த்து, எந்தெந்த இடம் சிவப்பில் விழுகிறது என்று மக்களுக்குச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

மாமல்லபுரத்துக்கு வருவோம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயில் இன்று நிற்பதற்குத் தொல்லியல் ஆய்வுத் துறையைப் பாராட்டத்தான் வேண்டும். இந்திரா காந்தி காலத்தில் சுற்றிலும் பாறைகளால் தடுப்பு எழுப்பினார்கள், சவுக்குத் தோப்பு வைத்தார்கள். கல்லுக்குள் இறங்கிய உப்பை எடுக்கக் காகிதக் கூழை ஈரமாக அப்பி, காயவிட்டு, உரித்தெடுக்கும் முறையைத் துறையின் வேதியியல் பிரிவு பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அலைத்துளியோடு வரும் உப்பு கல்லின் நுண்துளைகளில் புகுந்து, வெயிலில் காய்ந்து படிகமாகும்போது உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். நனைவதும் காய்வதும் எத்தனை முறை நடக்கிறதோ அத்தனை முறை கல் உதிரும். ஏற்கெனவே பல சிற்பங்களின் முகம் மழுங்கிவிட்டது. வெப்பம் கூடக்கூட, காற்று கூடக்கூட இந்தச் சுழற்சி வேகமெடுக்கும். எனவே காகிதக் கூழ் மருத்துவத்தை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை செய்வது என்பதைப் பழைய வழக்கப்படி வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு உப்பு வந்தது என்று வெளியிட்டால் கல்லின் உடல்நிலை எல்லோருக்கும் விளங்கும்.

மாமல்லபுரத்தவருக்கு உங்கள் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதில் நியாயமும் உண்டு. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். பாட்டன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கழிப்பறை எழுப்பக்கூட மனுவோடு அலைகிறார்கள். சின்னத்தைக் காக்க அது தேவை என்றால் சரி. ஆனால் அதே சின்னத்துக்குத் தெற்கே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் ஒரு தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால், அந்த 300 மீட்டர் சட்டம் அதைத் தொடுவதே இல்லை. கழிப்பறையால் கோயில் விழுந்துவிடாது. தூண்டில் வளைவு தப்பான இடத்தில் விழுந்தால் கோயிலின் முன்னுள்ள மணல் ஐந்தாறு ஆண்டில் போய்விடும். எது பெரிய ஆபத்தோ அதைச் சட்டம் விட்டுவிட்டு, எது கண்ணுக்குப் பக்கத்தில் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் தொல்லியல், மரபுச் சின்ன இடங்கள் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில்தான் வருகின்றன. காகிதத்தில் இடம் இருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது இதுதான்: கடற்கரையில் துறைமுகமோ தூண்டில் வளைவோ கரையை ஒட்டி நேர்கல் சுவரோ கட்டும் எந்தத் திட்டமும், மணல் நடக்கும் பாதையில் அருகிலுள்ள சின்னத்துக்கு என்ன ஆகும் என்ற கணக்கோடு உங்கள் மேசைக்கு வர வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரங்கம்பாடியிலேயே அண்மை ஆண்டுகளில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் வந்திருக்கின்றன. அதற்குப் பின் கோட்டைக்கும் கோயிலுக்கும் முன்னால் மணல் கூடியதா குறைந்ததா? கூடியிருந்தால் நல்லது, அதையும் சொல்லுங்கள். அளக்காமல் இருந்தால் இரண்டையும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் மீனவர்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். மரபுச் சின்னம் என்று பேச்செடுத்தால் முதலில் கரையிலிருந்து விரட்டப்படுபவர்கள் அவர்களே. அவர்கள் தூண்டில் வளைவு கேட்பது ஆசைக்காக இல்லை. பக்கத்துக் குப்பத்துக்குப் போட்ட வளைவால் தங்கள் வீட்டு வாசலுக்குக் கடல் வந்துவிட்டது, அதனால் கேட்கிறார்கள். இவர்களுக்குப் போட்டால் அடுத்த குப்பம் கேட்கும். இப்படியே கரை நெடுகக் கல் அடுக்கிக்கொண்டு போகிறோம். கரைவலை இழுக்கவும் படகு ஏற்றவும் கருவாடு காயவைக்கவும் அவர்களுக்கு வேண்டியது மணல். உங்கள் கோயிலுக்கு வேண்டியதும் அதே மணல். இவ்வளவு இயல்பான கூட்டாளியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, "ஆக்கிரமிப்பாளர்" என்று அறிவிப்புப் பலகை நடும் துறைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கரை எந்த மாதத்தில் எவ்வளவு உள்வாங்கும், எந்தக் காற்றுக்கு எங்கே மணல் ஏறும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கரையில் நிலையான நான்கு கல் நட்டு, மாதம் ஒருமுறை கயிறு பிடித்து அளக்கும் வேலையை மீனவப் பஞ்சாயத்திடமும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திடமும் சம்பளத்தோடு கொடுங்கள். செயற்கைக்கோள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேகம் மூடிய கார்த்திகையில் செயற்கைக்கோளைவிடக் கயிறு நம்பகமானது.

இன்னொரு வேலையும் அவர்களால்தான் நடக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மாமல்லபுரத்தில் மணலை அரித்துப் புதைந்திருந்த சிற்ப வேலைகளை வெளிக்காட்டியது. அருகே சாளுவன்குப்பத்தில் புதிதாகத் தெரிந்த பாறைக் கல்வெட்டைத் துப்பாக வைத்துத் தோண்டியபோது முருகன் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கல் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். கடல் பழங்காலத்திலும் அதைத் தாக்கியிருக்கிறது என்பதற்கான மணல் அடுக்குகளும் அங்கே தெரிந்தன. ஒவ்வொரு பெரும் புயலுக்குப் பிறகும் நம் கரையில் ஏதாவது வெளிப்படும். செங்கல் வரிசை, உறைகிணறு, பானை ஓடு, காசு. இரண்டு வாரத்தில் அடுத்த அலை அதை மூடிவிடும் அல்லது கொண்டுபோய்விடும். முதலில் பார்ப்பவர் அதிகாலையில் கரைக்குப் போகும் மீனவர். அவர் யாரிடம் சொல்வது? ஒரு தொலைபேசி எண் வேண்டும். சொன்ன இரண்டாம் நாள் வந்து நிற்கும் சிறு குழு வேண்டும். சொன்னவரைக் காவல் நிலையத்துக்கு அலையவிடாத உத்தரவாதமும் வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முதன்மையானது.

கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 பேரலையில் இடிந்தது. இப்போது அங்கே கிடப்பது செங்கல் சிதைவு. அதன் ஒவ்வொரு செங்கல்லையும் அளந்து, கட்டிய முறையை வரைந்த முழுமையான ஆவணம் முன்கூட்டியே எடுத்திருந்தால் இன்று நமக்குக் கொஞ்சமாவது ஆறுதல் இருக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஓர் இரவில் போனது. எல்லாப் பழியையும் கடல்மேலும் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தின் கடைசிக் கோபுரத்தைக் கடல் தொடவில்லை, 1867இல் அனுமதி வாங்கி மனிதர்களே இடித்தார்கள்.

எனவே ஆவணப்படுத்துவது மிக அவசரம். மாசிலாமணிநாதர் கோயிலின் எஞ்சிய கல்வெட்டுகள், கோட்டையின் சுவர்கள், பூம்புகார்ப் பகுதியில் கீழையூரில் அகழ்ந்தெடுத்த படகுத்துறைக் கட்டுமானம், கடற்கரைக் கோயிலின் ஒவ்வொரு சிற்பமும் லேசர் கருவியால் முப்பரிமாணத்தில் பதிவாக வேண்டும். அதோடு பழைய முறையில், கல்வெட்டின் மேல் ஈரத்தாளை அழுத்தி மை ஒற்றி எடுக்கும் மைப்படியும் எடுக்க வேண்டும். எந்தக் கணினி வடிவம் ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நூறாண்டுக்கு முன் எடுத்த மைப்படிகளை இன்றும் படிக்க முடிகிறது. அந்த மைப்படிகளே ஈரத்திலும் பூச்சியிலும் கெடும் பொருள்தான். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டியிருந்தது. சென்னை வெள்ளத்தில் மிதக்கும் ஊர் என்பதை மறந்து தரைத்தளத்தில் அடுக்கிவிடாதீர்கள். பதிவானதையெல்லாம் பூட்டி வைக்காமல் யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். டேனியர் காலத்து நகர வரைபடங்கள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. அவற்றை இன்றைய கரைக்கோட்டின் மேல் வைத்தால் நானூறு ஆண்டுகளில் எந்தக் காலத்தில் எவ்வளவு போனது என்று தெரியும். தமிழகக் கரையில் இவ்வளவு நீண்ட வரைபடச் சான்று வேறு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்?

மழையைப் பற்றிக் குறைவாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் செய்ய வேண்டியது எளிது. புதுச்சேரியில் 1870களில் கட்டிய மேரி (நகராட்சிக்) கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பிறகு கோடிகள் செலவிட்டு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது 2021ஆம் ஆண்டுக் கட்டடம். தளத்தில் நீர் தேங்காமல் பார்ப்பது, தூம்பில் அடைத்த சருகை எடுப்பது, கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குவது, சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமெண்ட்டைத் தேய்க்காமல் இருப்பது. இதற்கு ஒவ்வொரு சின்னத்துக்கும் ஓர் ஆள், ஓர் ஏணி, ஐப்பசிக்கு முன் ஒரு மாத வேலை. ஒப்பந்தப்புள்ளி கோரி, கோப்பு நகர்ந்து, நிதி வந்து சேரும்போது மார்கழி பிறந்துவிடுகிறது என்பதுதான் இப்போதைய சிக்கல்.

இனி எல்லோரும் தவிர்க்கும் பேச்சு. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எதை எவ்வளவு செலவானாலும் நிறுத்திப் பிடிப்பது, எதை இடம் மாற்றுவது, எதை முழுமையாகப் பதிவு செய்துவிட்டுக் கடலுக்குக் கொடுப்பது என்ற முடிவை யாரோ எடுத்தாக வேண்டும். இப்போது அந்த முடிவைக் கோப்பின் தாமதம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இடம் மாற்றுவது சாத்தியமே இல்லை என்று தொல்லியல் ஆய்வுத் துறை சொல்ல முடியாது. நாகார்ஜுனசாகர் அணை நீரில் மூழ்க இருந்த நாகார்ஜுனகொண்டாவின் கட்டுமானங்களைப் பெயர்த்து மேட்டில் மறுபடி அமைத்தவர்கள் நீங்கள்தான். ஸ்ரீசைலம் அணைக்காகக் கூடவெல்லி சங்கமேசுவரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூரில் நிறுத்தியதும் நம் நாட்டில் நடந்ததுதான். அணைக்காகச் செய்ய முடிந்ததைக் கடலுக்காகச் செய்ய முடியாதா?

ஆனாலும் மாசிலாமணிநாதரை நகர்த்தச் சொல்லி நான் கேட்க மாட்டேன். வழிபாடு நடக்கும் கோயில், அந்தக் கரையிலிருந்து பிரித்தால் அது வேறு கோயில். அங்கே என்ன செய்வது என்பதை ஊர்க்காரர்களும் சிவாச்சாரியார்களும் மீனவர்களும் பொறியாளர்களும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும். தண்ணீரோடு வாழத் தெரிந்த மரபு நம்மிடம் இல்லாமல் போகவில்லை. திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிறது. ஆறு வரும் பக்கத்துச் சுவர் வெள்ளத்தைக் கிழிக்கும்படி படகின் முனையாகக் கூர்ந்து நிற்கும். வெள்ளம் வரும் என்றால் உற்சவரைக் கரைமேல் உள்ள கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அப்படித்தான் மூழ்கி எழுந்தது. எதை அசைக்கலாம், எதை அசைக்கக்கூடாது, எப்போது அசைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் எத்தனை அருங்காட்சியகங்களில் வெள்ள எச்சரிக்கை வந்தால் எந்தப் பொருளை யார் எந்த அறைக்குத் தூக்குவது என்று எழுதி ஒட்டியிருக்கிறது?

பணம் இல்லை என்ற பதிலும் வரும் என்று தெரியும். கடற்கரையை மீட்க உலக வங்கி உதவியோடு "நெய்தல் மீட்சி இயக்கம்" என்று மாநில அரசு தொடங்கியிருக்கிறது. அலையாத்தி, கடல்புல், ஆமை, மீனவர் வாழ்வாதாரம் எல்லாம் அதில் உண்டு. அந்தத் திட்டத்தின் கூட்டங்களில் தொல்லியல் துறைக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்குங்கள். கோயிலுக்கு முன்னால் மணல்மேடு உருவாக்கி மணலைப் பிடித்து நிறுத்தும் அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படரவிடுவது தொல்லியல் வேலையும்தான், சூழலியல் வேலையும்தான். சவுக்கை நட்டுவிட்டால் போதும் என்ற பழைய பழக்கத்தை அங்கேயே கேள்வி கேட்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

அதிகாரம் யாரிடம் என்ற குழப்பத்துக்கும் மருந்து ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையத்துக்கான சட்டம் 2012ஆம் ஆண்டினது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களைக் கொண்ட தீர்ப்பில் அந்த ஆணையத்தையும், மாமல்லபுரத்துக்கெனத் தனி மேலாண்மை அமைப்பையும் வலியுறுத்தியது. சட்டம் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியும் ஒரு சாதாரணக் குடிமகனால் "என் ஊர்க் கோட்டைக்கு முன்னால் கரை போகிறது" என்று அந்த ஆணையத்தின் கதவைத் தட்டிப் பதில் வாங்க முடிகிற நிலை வரவில்லை. புதிய குழுக்கள் வேண்டாம். இருப்பதை நடத்துங்கள், அதில் கடலையும் மணலையும் படித்த ஒருவரை உட்கார வையுங்கள்.

தமிழர்களாகிய நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் கேட்பது நியாயமாகாது. கடல்கோள் என்றால் நமக்குத் தொண்டை அடைக்கும். என்றைக்கோ கடல் கொண்டதாகச் சொல்லப்படும் நிலங்களைப் பற்றி இரவெல்லாம் பேசுவோம், மேடை போடுவோம். இன்று கண்முன்னால் கடல் கொண்டுகொண்டிருக்கும் கோயில் மதிலைப் பற்றிப் பேச ஆள் சேராது. அது இன்னும் முழுதாகப் போகவில்லையே, அதனால் இருக்கலாம்.

இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே செய்யக்கூடியவை இரண்டு. மாமல்லபுரம், தரங்கம்பாடி, பூம்புகார் மூன்று இடங்களிலும் அளவுகல் நட்டு முதல் அளவை எடுங்கள். கரையில் அபாயத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலை, எதற்கு என்ன முடிவு என்ற உங்கள் முதல் கருத்தோடு வெளியிடுங்கள். தவறாக இருந்தால் ஊர் திருத்தும். இந்த மடலுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. அளந்த எண்ணை டேன்ஸ்போர்க் கோட்டை வாசலில், நுழைவுச் சீட்டு விலை எழுதியிருக்கும் பலகைக்குப் பக்கத்தில், மாதாமாதம் தமிழில் எழுதி வையுங்கள். அங்கே வந்து படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காவிரிப் படுகைக் கடலோரத்தைச் சேர்ந்த ஒருவன்